மாத்திரையும் மாதர் இருதயமும்

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் கோடை விடுமுறையின்போது நிகழ்ந்ததை முதலில் கூறிவிட்டு, பிறகு விஷயத்துக்கு வருகிறோம். அந்தச் சகோதரிக்கு வயது 36. இரு குழந்தைகளின் தாய். தங்கையின் திருமணத்துக்காக டில்லியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டார். இரண்டு இரவும் ஒரு பகலும் ரயில் பிரயாணம். மடியில் உறங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் இருந்த இடத்திலேயே இருந்தார். கழிவறைக்குப் போகும் தொல்லையை எண்ணித் தண்ணீரும் குறைவாகவே அருந்தினார். நம் பெண்மக்களில் பலர் இவ்வாறுதான் பிரயாணம் செய்கிறார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே.

ஊர் சேர்ந்த நான்காம் நாள் அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கிற்று. "கல்யாண வீட்டில் ஓயாமல் நின்றால் கால் வீங்காதா?" என்று பெரியவர்கள் எண்ணெய் தடவி நீவிவிட்டார்கள். மறுநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டிற்று. நெஞ்சில் குத்தல் எடுத்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றனர். அங்கிருந்த டாக்டரம்மாள், "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அம்மா?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை" என்பது பதில். மாமியார் அருகில் நின்றிருந்தார். டாக்டரம்மாள் அனுபவம் மிக்கவர். உடன் வந்தோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. அவர் சில ஆண்டுகளாகவே கருத்தடை மாத்திரை உண்டு வந்தவர். இடையில் கணவருக்கு வெளியூர் மாற்றல் ஆனபோது நிறுத்தியிருந்தார். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு மறுபடியும் தொடங்கியிருந்தார். காலின் ஆழமான இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்து, அதன் துணுக்கு ஒன்று நுரையீரலுக்குச் சென்றிருந்தது. தக்க சமயத்தில் சிகிச்சை கிடைத்தமையால் இன்று அவர் நலமாக இருக்கிறார்.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று நாம் தயங்கியபோது அவரே கூறினார்: "என் பெயரைப் போடாதீர்கள், அண்ணா. ஆனால் நான் 'ஒன்றும் இல்லை' என்று சொன்னதை மட்டும் விடாமல் எழுதுங்கள்."

நாம் வைத்தியம் கற்றவரல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவர். எனினும் படித்தும், டாக்டர்களைக் கேட்டும் அறிந்தவற்றை நம் சகோதரிகளுக்கும், அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய கணவன்மார்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மாத்திரை பிறந்த கதை

கருத்தடை மாத்திரையின் பூர்வீகம் ஒரு கிழங்கு என்றால் வியப்பாக இருக்கும். 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர், மெக்ஸிகோ நாட்டுக் காடுகளில் விளையும் ஒருவகைக் கிழங்கிலிருந்து பெண்மைக்குரிய ஹார்மோன் ஒன்றைத் தயாரிக்கும் வழியைக் கண்டார். அது நம் ஊர் வள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. 1951-இல் அதே மெக்ஸிகோவில் கார்ல் ஜெராஸியும் அவருடைய சகாக்களும் வாய்வழியே உண்டாலும் வீரியம் குன்றாத ஹார்மோனை உருவாக்கினர். கிரகரி பிங்கஸ், ஜான் ராக் என்னும் இருவர் 1956-இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்களிடையே மாத்திரையைச் சோதித்தனர். தாங்கள் உண்பது இன்னும் சோதனையில் உள்ள மருந்து என்று அப்பெண்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. 1960-இல் அமெரிக்க அரசு 'எனோவிட்' என்ற மாத்திரையைக் கருத்தடைக்கென அனுமதித்தது.

அடுத்த ஆண்டே, 1961-இல், ஜோர்டான் என்னும் ஆங்கில டாக்டர் தம்மிடம் வந்த ஒரு நோயாளியைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழுக்கு எழுதினார். வேறொரு நோய்க்காக இம்மாத்திரையை உண்ட பெண்மணிக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி தோன்றியிருந்தது. இதுபோன்ற செய்திகள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1968-இல் இன்மன், வெஸ்ஸி, டால் முதலிய பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் மாத்திரைக்கும் இரத்தக்கட்டிக்கும் தொடர்புண்டு என்று நிறுவினர். அபாயம் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் அளவைப் பொறுத்தது என்பது தெரிந்ததும், 1969 டிசம்பரில் பிரிட்டிஷ் மருந்துப் பாதுகாப்புக் குழு 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளைத் தவிர்க்குமாறு டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் எனோவிட்டில் இருந்த ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். இன்று நம் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் 'மாலா-என்' மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராமே.

1970-இல் அமெரிக்க செனட் சபையில் கேலார்ட் நெல்சன் தலைமையில் இதுபற்றி விசாரணை நடைபெற்றது. மாத்திரையை உண்ட பெண்களில் ஒருவரைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை. பார்வையாளர் பகுதியிலிருந்த பெண்கள் எழுந்து நின்று குரல் கொடுத்தனர். அதன் விளைவுகளில் ஒன்று, மாத்திரைப் பெட்டிக்குள் அபாயங்களை விளக்கும் சீட்டு வைக்கப்பட்டமை. இன்று நாம் பிரித்துப் பாராமலே குப்பையில் எறியும் அந்தச் சீட்டு, பெண்கள் போராடிப் பெற்ற உரிமை.

உடலினுள் நிகழ்வது என்ன?

சாதாரண கருத்தடை மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள் உள்ளன: ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டோஜன் மற்றொன்று. ஈஸ்ட்ரோஜன் நம் ஈரலைச் சென்றடையும்போது, இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை ஈரல் சற்று அதிகமாக உற்பத்தி செய்கிறது; உறையாமல் காக்கும் பொருள்களோ சற்றுக் குறைகின்றன. தராசின் ஒரு தட்டு கொஞ்சம் தாழ்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆரோக்கியமான இளம்பெண்ணின் உடல் இந்தச் சிறு மாறுதலைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் உடற்பருமன், நெடுநேரம் அசையாதிருத்தல், பெரிய ஆப்பரேஷன், பரம்பரையாக வரும் இரத்த உறைவுக் குறை ஆகியவற்றுள் ஏதேனும் அதே தட்டில் வந்து சேருமாயின் அபாயம் பெருகுகிறது.

இதே ஈஸ்ட்ரோஜன் இரத்த அழுத்தத்தையும் சிறிது உயர்த்தக்கூடும். பலருக்கு இது பொருட்படுத்தத் தக்கதன்று. சிலருக்கு மட்டும் நோய் என்று சொல்லும் அளவுக்கு உயரும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு இறங்கிவிடும். ஆனால் உயர்ந்திருப்பதை அறிந்தால்தானே நிறுத்துவது? இரத்த அழுத்தம் வலியில்லாத விருந்தாளி; கருவி வைத்துப் பார்த்தாலன்றி வந்திருப்பது தெரியாது.

எண்கள் கூறும் உண்மை

அச்சத்தை எண்களால் அளந்து பார்ப்பது நலம். ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2013-இல் வெளியிட்ட கணக்கு இது. மாத்திரை உண்ணாத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 2 பேருக்கு இரத்தக்கட்டி உண்டாகிறது. லீவோநார்ஜெஸ்ட்ரல் சேர்ந்த மாத்திரை உண்போரில் 5 முதல் 7 பேருக்கு. டெசோஜெஸ்ட்ரல், டுரோஸ்பைரினோன் போன்ற புதிய வகைகள் சேர்ந்ததாயின் 9 முதல் 12 பேருக்கு. மாலா-என் மாத்திரையில் உள்ளது லீவோநார்ஜெஸ்ட்ரல். 'புதியது, விலை அதிகம், ஆகையால் நல்லது' என்ற எண்ணம் இங்கே பொருந்தாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொரு கணக்கையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இதே அபாயம் ஆண்டுக்கு 10,000 பேரில் 5 முதல் 20 வரை. பிரசவத்துக்குப் பிந்திய பன்னிரண்டு வாரங்களில் அது ஆண்டுக் கணக்கில் 40 முதல் 65 வரை உயர்கிறது. அதாவது வேண்டாத கர்ப்பம், வேண்டிய மாத்திரையைக் காட்டிலும் இரத்தக் குழாய்களுக்கு அதிக அபாயம் தருவது.

மாரடைப்பு, மூளையில் இரத்தக்கட்டி ஆகியவை பற்றி டென்மார்க் நாட்டில் 16 லட்சம் பெண்களைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 15 முதல் 49 வயது வரையுள்ள அப்பெண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 21 பேருக்கு மூளைக் கட்டியும், சுமார் 10 பேருக்கு மாரடைப்பும் நேர்ந்தன. 30 முதல் 40 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் இவ்வபாயத்தை 1.3 முதல் 2.3 மடங்கு வரை உயர்த்தின. இளம் வயதில் இரு மடங்கு என்றாலும் அது சிறு எண்ணே. வயதோ, இரத்த அழுத்தமோ, நீரிழிவோ, புகையிலையோ அடிப்படை எண்ணைப் பெரிதாக்கிவிட்டால் அதன் இரு மடங்கும் பெரிதாகிவிடும். விஷயத்தின் சாரம் இதுவே.

பல ஆண்டுகள் உண்டால் இருதயம் கெடுமா?

நம் சகோதரிகள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. "பத்து வருஷம் சாப்பிட்டுவிட்டேன், உள்ளே விஷம் சேர்ந்திருக்குமோ?" என்று அஞ்சுகிறார்கள். விஷம்போல் சேர்ந்துகொண்டே போவதில்லை என்பதுதான் ஆராய்ச்சியாளர் தரும் விடை. 1968-இல் பிரிட்டிஷ் பொது மருத்துவர் கழகம் 46,000 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. சிலரை 39 ஆண்டுகள் வரை கவனித்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு காலத்தில் மாத்திரை உண்டவர்களிடையே மரண விகிதம், உண்ணாதவர்களைக் காட்டிலும் அதிகமாக இல்லை. 12 சதவிகிதம் குறைவாகவே காணப்பட்டது. இருதய நோய் மரணமும் கூடவில்லை. மாத்திரையே ஆயுளை நீட்டிற்று என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நெடுங்காலக் கேடு சேரவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

அப்படியானால் அபாயம் எப்போது அதிகம்? தொடங்கிய முதலாண்டில், அதிலும் முதல் சில மாதங்களில். பிறகு குறைகிறது, ஆனால் உண்ணும் வரை முற்றிலும் மறைவதில்லை. நான்கு வாரமோ அதற்கு மேலோ நிறுத்தி மறுபடியும் தொடங்கினால், முதலாண்டின் அபாயம் மீண்டும் தலைகாட்டுகிறது. நம்மவரில் கணவர் ஓரூரிலும் மனைவி ஓரூரிலுமாக வாழும் குடும்பங்கள் பல. விடுமுறைக்கு விடுமுறை மாத்திரையைத் தொடங்குவதும், பிரிந்தவுடன் நிறுத்துவதும் வழக்கமாக இருக்கிறது. இது சிக்கனம்போல் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு முறையும் அபாயம் மிக்க முதற்படியிலேயே மறுபடியும் கால் வைப்பதாகும். இத்தகையோர் தொடர்ந்து உண்பதா, வேறு முறையை நாடுவதா என்று டாக்டரைக் கேட்டு முடிவு செய்தல் நன்று.

ஆண்டுகள் கடக்கும்போது மாறுவது மாத்திரையன்று, நாம். 24 வயதில் தொடங்கியவருக்கு 38 வயதில் இரத்த அழுத்தம் வந்திருக்கலாம்; உடல் பருத்திருக்கலாம்; பிரசவ காலத்தில் தோன்றி மறைந்த சர்க்கரை நிரந்தரமாகத் திரும்பியிருக்கலாம். அன்று எழுதித் தந்த சீட்டை வைத்துக்கொண்டு இன்றும் கடையில் வாங்குவதுதான் பிழை.

யார் உண்ணலாகாது?

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள விதிகளின்படி, ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை பின்வருவோருக்கு ஏற்றதன்று. முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள். இரத்த அழுத்தம் 160-க்கு 100 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். 35 வயதைக் கடந்து, நாளுக்கு 15 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர்கள். பிரசவித்து ஆறு வாரம் ஆகாத, பாலூட்டும் தாய்மார்கள். ஒற்றைத் தலைவலி வருமுன் கண்முன் மின்னல்போல் ஒளிக்கோடுகள் தோன்றுகிறவர்களும் இவர்களுள் அடங்குவர். இந்தக் கடைசிக் குறியைப் பலர் அற்பமாக நினைத்து டாக்டரிடம் சொல்வதே இல்லை. இரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டியவர்களும் இம்மாத்திரையைக் கூடியவரை தவிர்ப்பதே நல்லது.

நம் பெண்களில் புகைபிடிப்போர் மிகச் சிலரே. ஆனால் வெற்றிலையோடு புகையிலை சேர்ப்போர் உண்டு. அதுவும் இருதயத்துக்குப் பகையே, டாக்டரிடம் மறைக்கலாகாது.

ஹார்மோன் முறைகள் யாவும் ஒரே தன்மையனவல்ல. புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரையும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் இரத்தக்கட்டி அபாயத்தை உயர்த்துவதாகத் தெரியவில்லை. 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் அரசாங்கம் வழங்கும், மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசியிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. எனினும் இருதயக் கோளாறோ, அதற்குக் காரணமானவை பலவோ உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் அதைப் போட்டுக்கொள்ளலாகாது. செம்பினாலான காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது. அதன் ஒரு வகை பத்தாண்டு பயன் தரும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டு அறிஞர்களே கண்டுபிடித்து, 1991-இல் 'சஹேலி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. இப்போது 'சாயா' என்ற பெயரில் அரசாங்கத் திட்டத்திலும் கிடைக்கிறது. எது யாருக்கு ஏற்றது என்பதை டாக்டரே தீர்மானிக்க வேண்டும்.

பண்டிகைக்காக ஒரு மாத்திரை

கருத்தடைக்காக அல்லாமல், கல்யாணம், கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம் ஆகியவற்றுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடவும் நம் இல்லங்களில் மாத்திரை உண்கிறார்கள். மணமாகாத பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். மருந்துக் கடையில் பெயரைச் சொன்னாலே கிடைக்கிறது. அது நாரெதிஸ்டிரோன் என்னும் புரோஜெஸ்டோஜன். அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லைதான். ஆனால் விலக்கைத் தள்ளிப்போட உண்ணும் பெரிய அளவில் அதன் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஆகவே முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களும், நெருங்கிய உறவினர்க்கு அது வந்திருப்பவர்களும் இதை விளையாட்டாக உண்ணலாகாது. முகப்பருவுக்கும், பி.சி.ஓ.டி. என்னும் சினைப்பை சார்ந்த கோளாறுக்கும் இளம்பெண்களுக்குத் தரும் மாத்திரைகள் பலவும் கருத்தடை மாத்திரையின் இனமே. உண்பவள் கன்னிப்பெண் என்பதால் மருந்தின் குணம் மாறிவிடாது.

ரயிலில் செய்ய வேண்டியவை

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம் இரத்தக்கட்டி அபாயத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆகாய விமானம் மட்டுமன்று. ரயில், பஸ், மோட்டார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காரணம் வாகனமன்று, அசையாதிருத்தல். நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தசை ஓய்ந்தால் இரத்தம் தேங்குகிறது.

ஆகவே மாத்திரை உண்ணும் சகோதரிகள் ரயிலில் ஒன்றிரண்டு மணிக்கொருமுறை எழுந்து பெட்டியின் கோடிவரை நடந்துவர வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். போதிய தண்ணீர் அருந்த வேண்டும். அந்நேரத்தில் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வது கணவரின் கடமை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவலாகாது. அன்றே டாக்டரிடம் செல்ல வேண்டும். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, என்றுமில்லாத கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இவற்றுள் எது தோன்றினாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. பெரிய ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தால், மாத்திரை உண்பதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சாதாரணமாக நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

அச்சமும் ஓர் அபாயம்

இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் இன்றிரவே மாத்திரையை எறிந்துவிட வேண்டாம். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில வகை மாத்திரைகளால் இரத்தக்கட்டி அபாயம் இரு மடங்கு என்று அரசாங்கக் குழு அவசரமாக அறிவித்தது. மாற்று வழி இன்னதென்று அறியுமுன்பே பெண்கள் பலர் நடுவில் நிறுத்திவிட்டனர். அடுத்த ஆண்டு அங்கே கருக்கலைப்புகள் பெருகின. எண்ணிப் பாராத அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது சாட்சி. டாக்டரைக் கலந்து, மாற்று முறையை ஏற்றுக்கொண்ட பிறகே நிறுத்த வேண்டும்.

ஆடவர்க்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தை அளவோடு வைத்துக்கொள்வது இருவர் பொறுப்பு. மருந்து உண்பது மட்டும் ஏன் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும்? ஆணுறையாகிய 'நிரோத்' 1968-இலேயே நம் நாட்டில் மலிவாக வழங்கப்பட்டது. ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை சில நிமிஷங்களில் முடிவது. இருதயத்துக்கோ இரத்தக் குழாய்க்கோ அதனால் தீங்கு ஏதுமில்லை. மனைவிக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் அவளையே மாத்திரை உண்ணச் சொல்வது நியாயமன்று.

இரத்த அழுத்தத்தை மாத்திரை தொடங்குமுன் ஒரு முறையும், தொடங்கிய மூன்று மாதத்தில் ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் பார்த்தல் போதுமானது. நம் சங்கக் கூட்டத்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில், மாதர் பகுதியினர் ஒரு பெண் டாக்டரை அழைத்து இதற்கு ஏற்பாடு செய்தால், மற்றவர் இல்லாத தனியறையில் கேட்க வேண்டியதைக் கேட்கவும் வசதி உண்டாகும்.

மற்றொன்று, காசு செலவில்லாதது. உண்ணும் மாத்திரையின் பெயரையும் தொடங்கிய தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருக்கும் இடத்தில் அதை டாக்டர் கையில் கொடுத்துவிடலாம். அந்தச் சகோதரி இப்போது அப்படித்தான் செய்கிறார்.